கவுன்சிலர் இல்லாத ஆண்டுகள்

2016 அக்டோபரில் தமிழக உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. இட ஒதுக்கீடு குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பாணையை ரத்து செய்திருந்தது. பிறகு மேல்முறையீடு, வார்டு மறுவரையறை என்று தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. ஆரணி நகராட்சி உட்பட நகர்ப்புற அமைப்புகளுக்கு 2022 பிப்ரவரி 19-ல்தான் வாக்குப்பதிவு நடந்தது. அதுவரை தனி அலுவலர்களின் நிர்வாகம்.

ஆரணி போன்ற பட்டு நெசவு நடக்கும் ஊரில் கவுன்சிலர் இல்லாத இழப்பு வீட்டுக்குள்ளேயே தெரியும். மழைநீர் வடியாமல் தெருவில் தேங்கினால் தறிக்குழியில் ஈரம் ஏறும். குழிக்குள் கால் வைத்து மிதிக்க முடியாது, பாவு கெடும், கூலி போகும். அடைபட்ட கால்வாயைக் காட்டி உரிமையோடு கேள்வி கேட்க வார்டில் ஒருவர் வேண்டும். மாறுதலாகிப் போகும் அதிகாரியிடம் அந்த உரிமை செல்லாது. அவர் ஓட்டுக் கேட்டு வந்தவர் அல்ல.

ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243 யு பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதை மீறியதற்கு எந்தக் கட்சியும் பெரிதாக விலை கொடுக்கவில்லை. பொதுவாழ்வின் சரிவில் மிகவும் கவலை தருவது இதுதான். 2025 ஜனவரியில் ஆரணி இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஊராட்சிகளும் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்களிடம் போயின.