டிப்ரஷன்: வானத்திலும் உண்டு, மனசிலும் உண்டு



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்து, "எங்க குழுவுல ஒரு பொண்ணு நாலு வாரமா வரல, சந்தாவும் கட்டல. அபராதம் போட்டிருக்கோம். கேட்டா, டாக்டர் டிப்ரஷன்னு எழுதியிருக்காராம்" என்றார். பின்னால் இருந்த ஒரு பெரியம்மா, "அது டிவியில மழைக்கு முன்னாடி சொல்றதாச்சே!" என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டோம். பிறகு யோசித்தால், பெரியம்மா கேட்டதில் தப்பே இல்லை.

டிப்ரஸ் என்றால் கீழே அழுத்துவது. தொண்டையைப் பார்க்க டாக்டர் சின்னக் கட்டையால் நாக்கை அழுத்துவாரே, அந்தக் கட்டைக்கும் இங்கிலீஷில் இந்தச் சொல்லிலிருந்துதான் பேர். அழுத்தினால் தாழும். அதனால் டிப்ரஷன் என்றால் தாழ்வு. 1929-இல் தொடங்கி உலகமெங்கும் வியாபாரமும் வேலையும் படுத்துப்போன காலத்தையும் இப்படித்தான் சொன்னார்கள். அப்போது நம் பக்கம் நெல் விலையும் விழுந்தது.

வானத்து டிப்ரஷன் கடலில் உண்டாவது. வெதுவெதுப்பான கடலுக்கு மேலே காற்று சூடாகி எழும்பும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. விறகடுப்பில் அனல் மேலே போக, அடுப்பு வாய் வழியாக வெளிக்காற்று உள்ளே போகும் இல்லையா, அதுபோலச் சுற்றியுள்ள காற்று அங்கே ஓடி வருகிறது. பூமி சுற்றுவதால் சுழன்று வருகிறது. ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வேகம் வரை இருந்தால் அது டிப்ரஷன். தமிழ்ச் செய்தியில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்பார்கள். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல்; அப்போதுதான் பேர் வைப்பார்கள்.

"பேர் வைக்கல, சின்ன மழைதான்" என்று இருந்துவிடாதீர்கள். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தை மூழ்கடித்தது பேர் வைத்த புயல் அல்ல, ஆழ்ந்த தாழ்வு மண்டலம்தான். செய்தி கேட்டதும் ஆடுமாட்டை மேட்டுக்கு ஓட்டுங்கள். ரேஷன் கார்டு, பாஸ்புக், குழுவின் நோட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே வையுங்கள்.

மனசு தாழ்ந்துபோவதைத் தமிழில் மனச்சோர்வு நோய் என்கிறார்கள். ஒருநாள் சண்டை, ஒருநாள் அழுகை என்றால் அது நோயில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனசு கனத்து, பிடித்த வேலையிலும் நாட்டம் போய், தூக்கமும் பசியும் கெட்டு, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று தோன்றினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு இது வரும். பச்சைப் பிள்ளையைத் தூக்கக்கூடத் தோன்றாது. நாமோ "சோம்பேறி, நடிக்கிறா" என்போம், இல்லாவிட்டால் மந்திரிக்கக் கூட்டிப் போவோம். நாமும் அப்படிச் சொன்னவர்கள்தான்.

அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாத்திரை பிடிபட இரண்டு மூன்று வாரம் ஆகும். "ஒண்ணும் கேக்கல" என்று நான்காம் நாளே நிறுத்தக் கூடாது. சரியான பிறகும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. 14416 என்ற அரசு நம்பருக்கு இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். யாராவது "செத்துப் போறேன்" என்று சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சி மருந்தை அப்புறப்படுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேர் போனோம். குழந்தைக்கு மூன்று மாதம். "எல்லாரும் திட்டுவீங்கன்னுதான் வரலக்கா" என்றாள். குழு அபராதத்தை அடித்துவிட்டது. இன்னும் அவள் கூட்டத்துக்கு வரவில்லை. வாராவாரம் ஊக்குநர் போய்ச் சந்தாவை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார்.