தீவுக்குச் சரக்கு அனுப்புமுன்

மலையகத்திலிருந்து யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்குச் சரக்கு அனுப்பலாமா என்று ஹட்டன் கடைத்தெருவில் சில சகோதரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக அனுப்பலாம். ஆனால் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். முதற் பயணத்தில் நான் கிலோமீற்றரைப் பார்த்தே செலவுக் கணக்குப் போட்டேன்.

முதலில் பாதையைப் பார்ப்போம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ-9 வீதி 321 கிலோமீற்றர். யுத்த காலத்தில் மூடிக்கிடந்த இவ்வீதி 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009க்குப் பிறகுதான் வழமைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் தொழுகைக்கும் ஹலால் சாப்பாட்டுக்கும் சோனகத் தெரு, ஐந்து சந்திப் பக்கம் போகலாம்.

தீவுகள் எல்லாவற்றுக்கும் படகு தேவையில்லை. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றுக்குத் தரைப்பாதை உண்டு. லொறி கடை வாசலுக்கே போகும். புங்குடுதீவின் முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையோடு வீதி முடிகிறது. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் சுமார் கால் மணி நேரம்; நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அனலைதீவு, எழுவைதீவு செல்வோர் ஊர்காவற்றுறையிலிருந்து படகேறலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஹட்டனில் ஏற்றும் ஒரு மூட்டை யாழ்ப்பாணத்தில் இறங்கி வேறு வாகனத்தில் ஏறும். இறங்குதுறையில் இறங்கிப் படகில் ஏறும். தீவில் இறங்கி ஓட்டோவிலோ உழவு இயந்திரத்திலோ மீண்டும் ஏறும். நான்கு தடவை ஏற்றி, நான்கு தடவை இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கூலி உண்டு, சேதமும் உண்டு. நெடுந்தீவுக்கு நான் கடதாசிப் பைகளில் கொண்டுபோன தேயிலைத் தூளில் கடல்நீர் தெறித்து இரண்டு மூட்டை வீணானது. அன்றைய கடைசிப் படகையும் தவறவிட்டு ஓரிரவு தங்கினேன். எதிர்பார்த்த இலாபம் அதோடு போய்விட்டது.

எனவே தடித்த பொலித்தீன் உறை போட்டுச் சிறு மூட்டைகளாகக் கட்டுங்கள். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே இறங்குதுறையில் கேட்டுக்கொள்ளுங்கள். நயினாதீவுத் திருவிழா நாட்களில் சனநெரிசல் அதிகம், அந்நாட்களில் சரக்கு ஏற்றாதீர்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும். அதற்கு முன்பே ஒரு மாதச் சரக்கைத் தீவிலுள்ள கடைக்காரரிடம் சேர்ப்பித்துவிடுவது நல்லது. நாமே அங்கு கடை போட்டு அவருடைய பிழைப்பைக் கெடுப்பதைவிட, அவரையே நம் முகவராக்குவது இருவருக்கும் இலாபம்.

இறுதியாக ஒன்று. படகு நின்ற நாளில் விலையை ஏற்றலாம் என்ற எண்ணம் நமக்கும் வரும், அவருக்கும் வரும். பதுக்கலை நமது மார்க்கம் தடுத்திருக்கிறது. கடல் கொந்தளித்தாலும் அதே விலை என்று அவரோடு முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த படகில் உங்கள் சரக்கைத்தான் தீவு மக்கள் தேடுவார்கள். இன்ஷா அல்லாஹ், பறக்கத்தும் கிடைக்கும்.