கையில் கடிகாரம், அதற்குள் ஒரு காது

காலை எட்டு மணிக்குக் கீழ்க்கட்டளை பேருந்து நிலையம் பக்கம் பள்ளி வேனுக்காக நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். சின்ன மணிக்கட்டுகளில் ரோஸ், நீல நிறங்களில் தடித்த ஸ்மார்ட் கடிகாரங்கள். உள்ளே சிம் கார்டு. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், 200 அடி சாலை நெரிசலில் வேன் எங்கே நிற்கிறது என்று தெரிந்தாலே பாதி உயிர் திரும்பி வரும். அந்தப் பதைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் சில கடிகாரங்களில் இன்னொரு வசதியும் இருக்கிறது. செயலியில் பெற்றோர் ஒரு பொத்தானை அழுத்தினால், கடிகாரமே அவர்கள் எண்ணுக்கு அழைக்கும். மணி அடிக்காது, திரை ஒளிராது; மைக் மட்டும் திறந்துகொள்ளும். மேசையில் கையூன்றி வாய்ப்பாடு எழுதும் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. டீச்சரின் அதட்டலும், பக்கத்து பெஞ்சுச் சிறுமி காதோரம் சொல்லும் அவள் வீட்டுச் சண்டையும் அந்தப் பக்கம் கேட்கும்.

வகுப்பறையில் ஆசிரியர் பேச்சைப் பெற்றோர் இப்படி ஒட்டுக்கேட்டது தெரியவந்ததும், ஜெர்மனி 2017 நவம்பரில் இவ்வகைக் கடிகாரங்களின் விற்பனைக்கே தடை போட்டது. வாங்கி வைத்திருப்பவர்கள் அழித்துவிடவும் சொன்னது.

நம் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்ததும் அதே 2017-ல்தான். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் தரவைக் கையாள நிறுவனம் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெற வேண்டும். தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் வந்த விதிகளின்படி இக்கடமைகள் 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும். பாதுகாப்புக்காகப் பிள்ளை இருக்கும் இடத்தை உடனுக்குடன் அறிய அவ்விதிகள் விலக்கு தருகின்றன. அந்த விலக்கில் குரல் இல்லை.

என்னை உறுத்துவது வேறு. சொந்த வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் கையாளும் தரவு இச்சட்டத்துக்குள் வராது. கேட்கும் பெற்றோரை அது தொடாது. நான் கொடுக்கும் சம்மதமும் என் பிள்ளைக்கு மட்டும்தான். பக்கத்து பெஞ்சுச் சிறுமிக்காக யார் சம்மதித்தார்கள்?

கடையில் ‘சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்?’ என்று கேட்கும்போதே, ஒட்டுக்கேட்கும் வசதியை நிறுத்த முடியுமா, குரல் பதிவு எங்கே போய்ச் சேருகிறது, அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்றும் கேளுங்கள். அலெக்ஸாவில் பதிவான குழந்தைகளின் குரலைக் காலவரையின்றி வைத்திருந்தது, பெற்றோர் அழிக்கச் சொல்லியும் முழுமையாக அழிக்கவில்லை என்ற வழக்கில், 2023-ல் அமெரிக்காவில் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது அமேசான்.