விசில் இல்லாம மேட்ச் பார்க்கலாமா?

சென்னை மேட்ச் என்றாலே விசில்தான். ஆனால், ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு அந்தத் திடீர் சத்தம் தாங்க முடியாத வேதனை. 'அவன் அழுவான், நீங்க பாருங்க' என்று பெற்றோர் ஒதுங்குவதும் இதனால்தான்.

அந்தக் குடும்பத்தையும் ஐபிஎல் பார்க்க வீட்டுக்குக் கூப்பிடுகிறீர்களா? எது ஒத்துக்காது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். சிலருக்கு சத்தம், சிலருக்கு கூட்டம், சிலருக்கு பிரியாணி வாசனைகூட ஆகாது. வீட்டிலிருந்து தயிர்சாதம் எடுத்து வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டிவி சத்தத்தைக் குறைத்து, விளம்பரம் வந்தால் மியூட் போடுங்கள். சிக்ஸருக்குக் கத்தாமல் இரண்டு கைகளையும் தூக்கலாம். அம்பயரும் அதைத்தானே செய்கிறார்! விசில் அடித்தே தீருவேன் என்பவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது.

ஓர் அறையை ஒதுக்கி, லைட்டைக் குறைத்து, பாய் விரித்து வையுங்கள். குழந்தை அங்கே போனால் அம்மாவோ அப்பாவோ கூட இருந்தால் போதும். 'என்னாச்சு?' என்று எல்லோரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.

இரவு 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 11 மணி தாண்டிவிடும். இன்னிங்ஸ் இடைவேளையிலேயே அவர்கள் கிளம்பினால், 'இன்னும் கொஞ்ச நேரம் இருங்க' என்று பிடித்துவைக்காதீர்கள்.