டேனரிக்கு வட்டி மானியம்

தோல் பதனிடும் ஆம்பூர் டேனரிகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்த கதை ஊரறிந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பான தீர்ப்பளித்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. மின்கட்டணமும் கூடவே ஏறியது. உப்புநீரை வற்றவைக்கும் ஆவியாக்கிகள் நீராவியையும் மின்சாரத்தையும் விழுங்குகின்றன.

இங்கேதான் அரசுப் பணம் தேவைப்படுகிறது.

2025 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய 1,000 கோடி ரூபாய் 'அடீட்டி' திட்டத்தில் தோல் துறையும் உண்டு. மின்சிக்கன இயந்திரக் கடனுக்குக் குறு, சிறு நிறுவனங்கள் 5 சதவீதமும் நடுத்தர நிறுவனங்கள் 3 சதவீதமும் வட்டி மானியம் பெறலாம்.

மின்கட்டணத்தைக் குறைக்க சோலார் நிறுவினால் வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். ஆனால் லாபம் பார்ப்பவருக்கே அது உடனடிப் பயன். சிறிய டேனரிக்கு வட்டி மானியமே கைகொடுக்கும். அதிகாரிகள் விண்ணப்பத்தோடு டேனரி வாசலுக்கே வரவேண்டும்.