உக்கிராண அறைக்கு எத்தனை வாசல்?

2022 ஜூலையில் ஆப்பிளின் எம்2 மேக்புக் ஏர் கடைக்கு வந்தது. 2020இல் வந்த எம்1 ஏரைவிட வேகமான பிராசஸர், சற்றே பெரிய திரை, தெளிவான கேமரா. அமெரிக்காவில் ஆரம்ப விலை 999 டாலரிலிருந்து 1,199 டாலராக ஏறியிருந்தது. ஆனால் 256 ஜிபி கொண்ட ஆரம்ப மாடலைச் சோதித்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. எஸ்எஸ்டியிலிருந்து தகவலைப் படிக்கும் வேகம் எம்1 ஏரில் நொடிக்குச் சுமார் 2,900 எம்பி. புதியதில் ஏறக்குறைய அதில் பாதிதான். விளம்பரத்தில் இருந்த எண்ணோ மாறவே இல்லை. பழையதும் 256 ஜிபி, புதியதும் 256 ஜிபி.

விலை ஏறி வேகம் எப்படி இறங்கும்? கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டுக்குள் ஒரு நடை போய்வந்தால் புரிந்துவிடும்.

யார் யார் எங்கே?

அடுப்பும் அதன்முன் நிற்கும் சமையல்காரரும் சேர்ந்ததுதான் பிராசஸர். காய் நறுக்கி, மாவு பிசைந்து, கைக்கெட்டும் தூரத்தில் பரப்பி வைக்கும் மேடை, ரேம். அரிசி, பருப்பு, எண்ணெய் டின் எல்லாம் அடுக்கிய உக்கிராண அறை, எஸ்எஸ்டி. மின்சாரத்தை நிறுத்தினாலும் உக்கிராணத்துச் சரக்கு அப்படியே இருக்கும். மேடை மட்டும் துடைத்துச் சுத்தமாகிவிடும்.

லேப்டாப் வாங்கும்போது நாம் கேட்பது எத்தனை அடுப்பு, எத்தனை அடி மேடை, எத்தனை மூட்டை கொள்ளும் அறை என்பதைத்தான். விளம்பரமும் அவற்றையே சொல்கிறது. ஆனால் பந்திக்குச் சாம்பார் நேரத்துக்கு வருவது இவற்றுக்கு நடுவே உள்ள வழியைப் பொறுத்தது. தயாரிப்பாளர் சிக்கனம் பிடிப்பதும் பெரும்பாலும் அந்த வழியில்தான்.

இரண்டு அறை ஒன்றானபோது

எம்1 ஏரில் 256 ஜிபி என்பது 128 ஜிபி சிப்கள் இரண்டு. அதாவது 128 மூட்டை கொள்ளும் இரண்டு அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். இரண்டு எடுபிடிகள் ஒரே சமயத்தில் உள்ளே போய் ஆளுக்கொரு மூட்டை தூக்கி வரலாம். எஸ்எஸ்டியின் வேகத்தில் பெரும்பங்கு இப்படிப் பல சிப்களிலிருந்து ஒரே நேரத்தில் அள்ளுவதால் வருகிறது.

இதற்குள் சிப் தொழில்நுட்பம் வளர்ந்து, ஒரே சிப்பில் 256 ஜிபியை அடைப்பது எளிதாகிவிட்டது. எம்2 ஏரின் ஆரம்ப மாடலில் அந்த ஒற்றைச் சிப்தான் இருந்தது. மூட்டைக் கணக்கு அதே 256. அறை ஒன்று, வாசலும் ஒன்று. 512 ஜிபி வாங்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை; அதில் 256 ஜிபி சிப்கள் இரண்டு இருந்தன. குறைந்த விலை மாடலை எடுத்தவர் பாதி இடத்தோடு பாதி வாசலையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்.

புதிய அடர்த்தியான சிப்பைப் பயன்படுத்தியதை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. சோதனை எண்களில் வித்தியாசம் தெரியலாம், அன்றாட வேலைகளில் எம்2 வேகமானதே என்றும் விளக்கியது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. மேடைக்கும் அடுப்புக்கும் இடையிலான வழி, அதாவது ரேமிலிருந்து பிராசஸருக்குத் தகவல் பாயும் வேகம், எம்1இல் நொடிக்குச் சுமார் 68 ஜிபி. எம்2இல் 100 ஜிபி. ஒரு வழி அகலமானது, இன்னொன்று குறுகியது. மின்னஞ்சல், இணையம், கட்டுரை தட்டச்சு என்று இருப்பவர் உக்கிராணத்துக்கு அடிக்கடி ஆள் அனுப்புவதில்லை. அவருக்கு இது தெரியவே தெரியாது.

மேடை நிறையும்போது

தெரிவது வேறொருவருக்கு. ஆரம்ப மாடலில் ரேம் 8 ஜிபிதான். நாற்பது டேப், போட்டோ எடிட்டிங், வீடியோ அழைப்பு என்று ஒருசேரத் திறந்தால் மேடை நிரம்பிவிடும். அப்போது கணினி என்ன செய்யும்? பாதி நறுக்கிய காயைத் தட்டோடு உக்கிராணத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துவரும். இதற்கு ஸ்வாப் என்று பெயர். போகிறவர், வருகிறவர், மூட்டை தூக்குகிறவர் எல்லோருக்கும் இப்போது அந்த ஒற்றை வாசல்தான். சின்ன மேடையும் ஒற்றை வாசலும் தனித்தனியே பெரிய குறை இல்லை. சேர்ந்தால்தான் வேலை திணறும்.

2024 மார்ச்சில் வந்த எம்3 ஏரின் 256 ஜிபி மாடலில் மறுபடி இரண்டு சிப்கள் வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் எம்2, எம்3 ஏர்களின் ஆரம்ப ரேம், விலை ஏறாமல் 16 ஜிபி ஆனது.

பெரிய அடுப்பும் சின்ன அடுப்பும்

அடுப்பு எண்ணிக்கையிலும், அதாவது பிராசஸரின் கோர் எண்ணிக்கையிலும், சூட்சுமம் உண்டு. எம்2 ப்ரோவின் 12 கோர் சிப்பில் வேகத்துக்கான கோர்கள் 8, மின்சாரம் மிச்சப்படுத்தும் கோர்கள் 4. 2023இல் வந்த எம்3 ப்ரோவிலும் 12 கோர்தான். ஆனால் 6, 6. பெரிய அடுப்பு இரண்டை எடுத்துவிட்டுச் சின்ன அடுப்பு இரண்டு வைத்தார்கள். மேடையிலிருந்து வரும் வழியும் நொடிக்கு 200 ஜிபியிலிருந்து 150 ஜிபி ஆனது. ஒவ்வொரு அடுப்பும் முன்னைவிட நன்றாக எரிந்ததால் மொத்தத்தில் புதியது பின்தங்கவில்லை. பெயருக்கேற்ற பாய்ச்சலும் இல்லை.

கேமிங் லேப்டாப்பில் கவனிக்க வேண்டியது காஸ், அதாவது சிப்புக்குக் கொடுக்கும் மின்சாரம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டலாம் என்று தயாரிப்பாளருக்கு அனுமதி உண்டு. பர்னர் ஒன்றே, குழாயை எவ்வளவு திறப்பது என்பது லேப்டாப்பின் தடிமனையும் மின்விசிறியையும் பார்த்து முடிவாகிறது. மெல்லிய மாடலில் புதிய சிப் இருந்தும், தடித்த பழைய மாடல் முந்துவது இதனால்தான்.

சுவரோடு கட்டிய மேடை

2018இன் திங்க்பேட் டி480 லேப்டாப்பில் ரேம் செருக இரண்டு இடம், பின்புறம் கழற்றி மாட்டும் பேட்டரி. அடுத்த ஆண்டு வந்த டி490 மெலிந்தது, எடை குறைந்தது. விலையாகக் கழற்றும் பேட்டரி போயிற்று. ரேமில் ஒரு பங்கு மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டு, செருக ஒரே இடம் மிஞ்சியது. 2024இல் வந்த இன்டெலின் லூனார் லேக் சிப்கள் இன்னும் ஒரு படி போய் ரேமைப் பிராசஸரின் பக்கத்திலேயே உட்காரவைத்தன. மேடை அடுப்போடு ஒட்டினால் நடை மிச்சம், பேட்டரி நீடிக்கும். ஆனால் 32 ஜிபிக்கு மேல் கிடையாது; வாங்கியபின் கூட்டவும் முடியாது. அடுத்த தலைமுறைகளில் இந்த முறை தொடராது என்று இன்டெலே அந்த ஆண்டு இறுதியில் சொல்லிவிட்டது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

ரேம் பற்றவைத்ததா, செருகக்கூடியதா? பற்றவைத்தது என்றால் இன்றைய தேவைக்கு அல்ல, ஐந்தாண்டு கழித்த தேவைக்கு வாங்குங்கள். எஸ்எஸ்டியின் படிக்கும் வேகம், எழுதும் வேகம் என்ன? இதை நீங்கள் வாங்கும் அதே ஜிபி மாடலின் சோதனையில் பாருங்கள். விமர்சகர்களுக்குப் பெரும்பாலும் அனுப்பப்படுவது விலை கூடிய மாடல். கிராஃபிக்ஸ் சிப் எத்தனை வாட்? கோர்களில் வேகத்துக்கானவை எத்தனை?

விடைகள் திருப்தியாக இல்லையென்றால், போன ஆண்டு மாடலின் கூடுதல் ரேம் வகையைத் தள்ளுபடியில் தேடுங்கள். அதே காசுக்குப் பெரும்பாலும் அதுதான் நல்ல சமையற்கட்டு.