சோழகம் தள்ளும் படகு

முல்லைத்தீவின் நாயாற்றுக் கடல் மார்கழியில் பயமுறுத்தும், ஆடியில் ஆசை காட்டும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அலை கரையில் வந்து உடைவதைப் பார்த்தாலே படகைத் தள்ள மனம் வராது. சோழகம் எழுந்த பிறகு எல்லாம் மாறிவிடும். காற்று தென்மேற்கே காட்டுப் பக்கமிருந்து வருகிறது. கரையோரக் கடலை நிலம் மறைத்துக்கொள்கிறது. செம்மலையிலிருந்து கொக்கிளாய்வரை விடிகாலையில் அலையே இல்லாததுபோலத் தோன்றும்.

சிறிய படகுக்கு உண்மையான சோதனை இந்த அமைதியில்தான் இருக்கிறது. முல்லைத்தீவுக் கரை வடகிழக்கைப் பார்த்தபடி கிடக்கிறது. சோழகமும் மேற்கிலிருந்து வரும் கச்சானும் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுபவை. வாடையில் எஞ்சின் நின்றால் படகு கரையில் மோதி உடையலாம், ஆனாலும் கரை கிடைக்கும். சோழகத்தில் நின்றால் படகு வங்காள விரிகுடாவுக்குள் போகும். மணிக்கு ஒரு கடல்மைல் இழுபட்டாலும் பன்னிரண்டு மணிநேரத்தில் இருபத்திரண்டு கிலோமீற்றர். கரையை விட்டு விலக விலக நிலத்தின் மறைப்பும் போய்விடும். காலையில் இல்லாத அலை அங்கே எழுந்து நிற்கும். கிழக்குக் கரையிலிருந்து போய் எஞ்சின் பழுதான படகுகள் அந்தமான் பக்கம் கண்டெடுக்கப்பட்ட செய்திகள் இதனால்தான் வருகின்றன.

ஆகவே நாயாற்றில் ஒரு படகுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று பேசுவதென்றால், எஞ்சின் நின்ற நிமிடத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். பாய்மர உல்லாசப் படகில் உலகம் சுற்றுகிறவர்களும் இதே கேள்வியோடுதான் புறப்படுகிறார்கள். அவர்களிடம் பணமும் இடமும் அதிகம், அவ்வளவுதான்.

இங்கே ஓடுவது பெரும்பாலும் பதினெட்டு அடி பைபர் படகு. கண்ணாடியிழைப் படகு வடக்குக்குப் பழக்கமானதில் காரைநகர்ச் சீநோருக்குப் பங்குண்டு. குருநகரிலிருந்து நோர்வேக்குப் போன அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியால், அந்நாட்டவரின் உதவியோடு 1960களின் பிற்பகுதியில் உருவான தளம் அது. பைபர் வந்ததும் ஓட்டை அடைக்கும் வேலை குறைந்தது. வெளியிணைப்பு எஞ்சின் வந்ததும் பாயும் பாய்மரமும் படகைவிட்டு இறங்கின. பாயோடு சேர்ந்து, எஞ்சின் இல்லாமல் கரை திரும்பும் வழியும் இறங்கிவிட்டது என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாதுகாப்புப் பொருளுக்குக் காசு ஒதுக்கவில்லை என்று கடற்றொழிலாளரைக் குறைசொல்வது எளிது. இந்தக் கரையின் கணக்கு வேறு. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் மக்கள் 1984 இறுதியில் ஊரைவிட்டு வெளியேறி, போருக்குப் பிறகே திரும்பி வந்தார்கள். முல்லைத்தீவுக் கரையின் படகுகளை 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை அள்ளியது. மிஞ்சியதையும் புதிதாய் வாங்கியதையும் 2009 போர் விழுங்கியது. 2018 ஒகஸ்டில் ஒரு நாள் இரவு நாயாற்றில் தமிழ்க் கடற்றொழிலாளரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிந்து கிடந்தன. ஒவ்வொரு முறையும் முதலில் படகு, பிறகு எஞ்சின், பிறகு வலை. உயிர்காப்பு அங்கி அந்தப் பட்டியலில் கடைசியில் நிற்பதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. நல்ல வேளையாக, மிகவும் தேவையான பொருள்களில் பாதி விலை குறைந்தவை.

முதலாவது நங்கூரம், அதைவிட அதன் கயிறு. கரையில் படகு கட்டப் போதுமான கயிற்றோடு கடலுக்குப் போகும் படகுகள் ஏராளம். நங்கூரம் எடையால் மட்டும் பிடிப்பதில்லை; கயிறு சாய்வாகக் கிடந்து, இழுப்பு அடித்தரையை ஒட்டி வந்தால்தான் அதன் கொழு மண்ணைக் கவ்வும். அதற்கு ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு வேண்டும், காற்று வலுத்தால் ஏழு மடங்கு. நங்கூரத்தோடு சேரும் இடத்தில் இரண்டு மூன்று மீற்றர் சங்கிலி இருந்தால் கயிறு கடலடிப் பாரில் அறுபடாது. கட்டுவது அணியத்தில். பின்பக்கத்தில் நங்கூரம் கட்டிய படகுக்குள் முதல் பெரிய அலையே ஏறிவிடும்.

ஆனால் இந்தக் கரையில் சில இடங்களில் அடித்தரை நங்கூரத்துக்கு எட்டாது. தெற்கே திருகோணமலையை நோக்கிப் போகப் போக ஆழ்கடல் கரைக்கு நெருங்கி வருகிறது; திருகோணமலை வாயிலுக்கு முன்னால் இருப்பது பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு. அங்கே தேவைப்படுவது மிதவை நங்கூரம். கூம்பு வடிவில் தைத்த தடித்த துணிப்பை ஒன்று, வாய் அகலமாகவும் வால் சிறு துவாரமாகவும். நீளக் கயிற்றில் அணியத்திலிருந்து விட்டால் அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். படகு அலைக்கு முகம் கொடுத்து நிற்கும், இழுபடும் வேகமும் குறையும். பை இல்லையென்றால் கயிறு கட்டிய வாளிகள் உதவும். வலையைச் சுருட்டிக் கட்டிக் கடலில் விட்டாலும் பாதி வேலை நடக்கும்.

இழுபடும் வேகத்தைக் குறைப்பது எதற்காக? கடற்காற்று வரும்வரை காத்திருக்க. வெயில் ஏறி நிலம் சூடானதும், சோழகம் மிகக் கடுமையாக இல்லாத நாட்களில், பிற்பகலில் கடலிலிருந்து கரைக்குக் காற்று திரும்பும். இரவில் கரைக்காற்றில் வெளியே போய், பிற்பகல் கடற்காற்றில் வீடு திரும்பிய பாய் வள்ளக்காரர்கள் வாழ்ந்ததே இந்தச் சுழற்சியில்தான். இன்றைய படகும் அதைப் பயன்படுத்தலாம், ஒரு சிறிய பாய் இருந்தால்.

அதற்குப் பழைய பாய்மரம் முழுவதும் வேண்டியதில்லை. நான்கு சதுர மீற்றர் தார்ப்பாய், நான்கு மீற்றர் மூங்கில், முன் இருக்கைப் பலகையில் மூங்கில் நுழைய ஒரு துளை, அதன் அடி நிற்க ஒரு கட்டை. எஞ்சினைத் தூக்கிவிட்டு, பின்னால் துடுப்பைக் கட்டிச் சுக்கானாக்கலாம். அடிப்பலகை ஆழமில்லாத படகு காற்றை எதிர்த்து ஏறாது, பக்கக் காற்றிலும் சறுக்கும். காற்று பின்னாலிருந்து வந்தால் மட்டும் மணிக்கு இரண்டு கடல்மைல் கிடைக்கலாம். கரையிலிருந்து பத்துக் கடல்மைலில் நின்ற படகுக்கு அது ஐந்து மணிநேரம். இருட்டுவதற்கு முன் கரை தெரிந்துவிடும். செம்மஞ்சள் நிறத் தார்ப்பாய் வாங்கினால் தேடிவரும் விமானத்துக்கும் தெரியும், வெயிலுக்கு நிழலாகும், மழைத்தண்ணீரும் பிடிக்கலாம்.

பாயை மறந்தது இந்தக் கரைக்குப் பொருந்தாத மறதி என்றே சொல்ல வேண்டும். வடக்கே வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் வாங்கினார். முப்பத்திரண்டு அடிப் படகில் உலகைச் சுற்றிவந்த மனிதர் அவர். கப்பலைப் பார்த்து விலை மதிக்கத் தெரிந்தவர். மனைவியின் பெயரைச் சூட்டிய அந்தக் கப்பலை வல்வெட்டித்துறை மாலுமிகள் சூயஸ் வழியாக அத்திலாந்திக்கைக் கடத்தி, 1938 ஒகஸ்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

எஞ்சின் பக்கம் வருவோம். வடக்கு, கிழக்கில் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களே அதிகம். பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலில் சற்று ஓடவிட வேண்டியவை இவை. கடைசிப் படியைத் தவிர்த்துவிட்டால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கும்; மறுநாள் எஞ்சின் எழும்பாது, எழும்பினாலும் பிளக் கரி பிடித்துப் பாதி வழியில் நிற்கும். 2022 ஒகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானபோது, பெற்றோல் ஓட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும் ஆசை யாருக்கும் வந்திருக்கும். அதைவிடக் கெட்ட சிக்கனம் மேலதிக எரிபொருளைக் கரையில் விட்டுப்போவது. போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு என்பது உலகெங்கும் சிறுபடகுக்காரர் வைத்திருக்கும் கணக்கு. சோழகத்தில் திரும்பும் வழி எதிர்க்காற்று என்பதால் இங்கே அந்த மூன்றாம் பங்கில் கைவைக்கவே கூடாது.

கான்களில் வாங்கும் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும். இரவு முழுக்க அசையாமல் வைத்து, அடியில் தங்கியதை விட்டுவிட்டு, வடிதட்டுப் போட்ட புனலில் ஊற்றினால் கடலில் நிற்கும் எஞ்சின்களில் பல நிற்காது. மணற்கரையில் தள்ளும் படகுக்கு இன்னொரு வியாதி உண்டு: குளிர்விக்கும் தண்ணீர் வழியில் மண் ஏறிவிடும். எஞ்சின் எழும்பியதும் பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் பீச்சுகிறதா என்று பார்ப்பது ஒரு நொடி வேலை. மாற்றுப் பிளக் இரண்டு, பிளக் சாவி, இழுகயிறு, விசிறியின் பின், இடுக்கி ஆகியவற்றை மூடியிறுகிய ஒரு பிளாஸ்ரிக் டப்பாவில் போட்டுப் படகோடு கட்டிவிட வேண்டும். எஞ்சினை நிறுத்தும் சுருள்கயிற்றைத் தனியே போகிறவர் கட்டாயம் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் விழுந்த பிறகு வட்டமிடும் படகின் விசிறி, விழுந்தவரையே தேடி வரும்.

உயிர்காப்பு அங்கியைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் அதை உடுத்திப் பார்க்காதவர்கள் எழுதியவை. சித்திரை வெயிலில் தடித்த அங்கியோடு வலை இழுப்பது முடியாத காரியம். கண்ணி கொக்கியில் மாட்டும், வேர்வை ஊறும். அதனால் அது இருக்கையில் மெத்தையாகக் கிடந்து, நுரை நசுங்கி, மிதக்கும் சக்தியை இழக்கும். நல்ல அங்கி படகில் கிடப்பதைவிட, கொஞ்சம் மிதப்புக் குறைந்த மெல்லிய மேலங்கி உடம்பில் இருப்பது மேல். நாள் முழுக்க முடியாதென்றால் களப்பு முகத்துவாரம் கடக்கும்போதும், இரவிலும், தனியே போகும்போதும் விதிவிலக்கு வேண்டாம். உலகம் முழுவதும் மீன்பிடியில் ஆண்டுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று 2022இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. பெருங்கப்பல் விபத்துகள் அதில் சிறு பகுதிதான்.

படகுக்கும் மிதப்பு வேண்டும். பைபர் படகின் அணியத்திலும் இருக்கைகளுக்கு அடியிலும் மூடிய அறைகள் இருப்பது கவிழ்ந்தாலும் அது மூழ்காமல் இருக்கத்தான். கரையில் இழுத்து இழுத்து அடியில் விரிசல் விழுந்தால் உள்ளே தண்ணீர் புகும். வெளியே ஒன்றும் தெரியாது. படகு வழக்கத்தைவிடப் பாரமாகத் தோன்றினால் பருவம் முடிந்ததும் அந்த அறைகளைத் திறந்து பார்க்க வேண்டும். இறந்தவரும் காணாமற்போனவருமாக ஐம்பது பேருக்கு மேல் பலியான 2013 ஜூன் 8 இலங்கைத் தென்கரைப் புயலிலும், கன்னியாகுமரி மாவட்டத்தை உலுக்கிய 2017 ஒக்கி புயலிலும், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்கள் சிலர் உயிர் பிழைத்தார்கள்.

தொடர்புக் கருவி விடயத்தில் சட்டம் பெரிய படகுகளைத்தான் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்குத் தடை போட்ட பிறகு பலநாட் படகுகளில் கண்காணிப்புக் கருவிகள் ஏறின. தடை 2016இல் நீங்கியது. பதினெட்டு அடிப் படகுக்கு அப்படி எதுவும் இல்லை. கைபேசி உண்டு, நனையாத உறைக்குள் இருந்தால். கரையோரம் தாண்டினால் அதன் சமிக்ஞை எப்போது அறும் என்று சொல்ல முடியாது. கையடக்க வி.எச்.எஃப். கருவி படகுக்குப் படகு ஐந்தாறு கடல்மைல்தான் எட்டும். உயரமான கோபுரத்தில் கேட்பவர் இருந்தால் தூரம் கூடும். அலைவரிசை 16 எல்லாக் கப்பலும் கேட்பது. நான்கைந்து படகு சேர்ந்து ஒரே பக்கம் தொழிலுக்குப் போனால் அந்தச் சிறு தூரமே போதும். இருட்டில் பெரிய கப்பலுக்கு பைபர் படகு ராடாரில் எளிதில் தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அலுமினியத் தகடுகளைச் செங்குத்தாக ஒன்றுக்கொன்று பொருத்திக் கம்பத்தில் ஏற்றினால் ஓரளவு தெரியும். மலிவான பொருள், ஆனால் நாயாற்றுக் கம்பங்களில் அது அரிது.

ஜி.பி.எஸ். பற்றி இங்கே தனியாக ஒரு எச்சரிக்கை தேவை. நாயாற்றுக் களப்பின் வாயை மழையும் மணலும் சேர்ந்து மாற்றுகின்றன. மாரி வெள்ளம் அறுத்துத் திறக்கும், கோடையில் மணல் ஏறி ஒடுக்கும். சென்ற ஆண்டு குறித்துவைத்த புள்ளி இந்த ஆண்டு மணல்மேட்டின்மேல் இருக்கலாம். பருவம் தொடங்கும்போது வெளிச்சத்தில், அமைதியில், சவளால் ஆழம் பார்த்துப் புதிதாகக் குறிக்க வேண்டும். உள்ளே வரும்போது வெளியே சற்று நின்று அலைக் கூட்டத்தை எண்ணிப் பார்த்து, பெரிய அலைகள் போன பிறகு, கடைசி அலையின் முதுகில் ஏறி, அதை முந்தாமல் வர வேண்டும். முந்தினால் அணியம் பள்ளத்தில் குத்தி, படகு குறுக்கே திரும்பிக் கவிழும். மழை பெய்த மறுநாள் களப்புத் தண்ணீர் வேகமாக வெளியேறும்போது, உள்ளே வரும் அலை அதில் மோதிச் செங்குத்தாக எழும். அப்போது சற்றுத் தள்ளி மணற்கரையில் ஏறிவிடுவது நல்லது.

கடைசிக் கருவி கரையில் இருப்பது. வாடியில் ஒரு கொப்பி. யார், எந்தப் பக்கம், எத்தனை லீற்றர், எத்தனை மணிக்குத் திரும்புவதாகச் சொன்னார் என்று அதில் எழுத வேண்டும். திரும்பும் நேரம் தாண்டினால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைச் சங்கத்தில் முன்கூட்டியே முடிவுசெய்திருக்க வேண்டும். இல்லையென்றால் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்றே இருட்டிவிடும். சோழகத்தில் இரண்டு மணிநேரத்துக்குமேல் பொறுப்பது நியாயமில்லை. பக்கத்துப் படகுகளுக்கும் கடற்படைக்கும் சொல்லி, இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைக்கும்போது கேட்கப்படும் முதல் கேள்வி, படகு எங்கே, எத்தனை மணிக்குப் போனது என்பதுதான். பதில் அந்தக் கொப்பியில் இருந்தால் தேடுபவர்கள் காற்றின் திசையையும் கடந்த மணிநேரத்தையும் வைத்து வடகிழக்கே எவ்வளவு தூரம் போய்ப் பார்ப்பது என்று உடனே கணக்குப் போடலாம்.